படித்தேன், புரிந்தது

நான் வாக்கியங்களுக்கு மார்க் போடுகிறவன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், எக்ஸ்ரே அறைக்கும் மருந்துக் கிடங்குக்கும் நடுவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது. அதில் நாங்கள் மூன்று பேர். டாக்டர்கள் எழுதித் தருவதை நோயாளிகளுக்குப் புரிகிற இங்கிலீஷில் மாற்றி, ஒரு பக்கத் தாளாக அச்சுக்கு அனுப்புவது எங்கள் வேலை. ஊசிக்கு முன் என்ன சாப்பிடலாம், தையல் பிரித்த பிறகு எப்போது குளிக்கலாம், இப்படி.

டாக்டர்கள் நல்லவர்கள்தான். ஆனால் பேனாவைக் கையில் எடுத்தால் அவர்களுக்கு முற்றுப்புள்ளி மறந்துபோகும். ஒரு வாக்கியத்துக்கு நாற்பத்து மூன்று வார்த்தை, நடுவில் மூன்று கமா, எல்லாமே பாஸிவ் வாய்ஸ். 'மாத்திரை உட்கொள்ளப்பட வேண்டும்' என்பார்கள். யார் உட்கொள்வது, டாக்டரா, பக்கத்துப் படுக்கைக்காரரா என்று தெரியாது. நான் அதை மூன்றாக வெட்டுவேன். வெர்ப்பை முன்னால் கொண்டுவருவேன். 'அட்மினிஸ்டர்' என்றால் நான்கு அசை, 'கிவ்' என்றால் ஒன்று. பிறகு கம்ப்யூட்டரில் போட்டால், வாக்கியத்துக்கு எத்தனை வார்த்தை, வார்த்தைக்கு எத்தனை அசை என்று எண்ணி நூற்றுக்கு ஒரு மார்க் கொடுக்கும். எண்பதுக்குக் கீழே ஒரு தாளும் எங்கள் அறையைத் தாண்டாது.

இந்தப் புத்தி வீட்டிலும் விடாது. ஒருநாள் என் மனைவி மூச்சு விடாமல் என்னைத் திட்டிக்கொண்டிருந்தபோது, வாக்கியம் நீளம், மார்க் முப்பதுகூடத் தேறாது என்றேன். அவள் ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். அதற்கு நூற்றுக்கு நூறு கொடுக்கலாம், அச்சில் போட முடியாது.

மார்க் மட்டும் போதாது என்று எங்கள் மேலாளரம்மா வந்த புதிதில் இன்னொரு விதி கொண்டுவந்தார். மெஷினுக்கு வயிற்றுவலி வராது, அதனால் மெஷின் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள் என்றார். ஒவ்வொரு தாளையும் அச்சுக்குப் போகும் முன் ஒரு வெளியாள் படிக்க வேண்டும். படித்துவிட்டு, தான் என்ன செய்ய வேண்டும் என்று தன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு, தாளின் அடியில் 'படித்தேன், புரிந்தது' என்ற வரிக்கு நேராகக் கையெழுத்து. என் சகாக்களில் ஒருவர் வாசல் காவலாளியைப் பிடித்தார். இன்னொருவருக்குப் பஸ் நிறுத்தத்தில் செருப்பு தைப்பவர். நான் வெளியே தேடவில்லை, என் அக்கா இருந்தாள்.

அக்கா ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். அங்கே மேலதிகாரிகளோடும் விருந்தாளிகளோடும் பேசிப் பேசியே அவளுக்கு இங்கிலீஷ் வந்துவிட்டது. அவள் பேசும் வேகத்துக்கு நான் பதில் சொல்வதற்குள் பஸ் போய்விடும். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி, மூன்றாவது மாடியில் அவள் வீடு. முன்னறையில் பழைய கம்பளி விரித்த நீள மேஜை, அதில் எப்போதும் சூடாக ஓர் இஸ்திரிப் பெட்டி. ஹோட்டலில் நாள் முழுக்கத் துணி தேய்த்துவிட்டு வந்து வீட்டிலும் தேய்ப்பாள். கேட்டால், அது வேலை, இது என் துணி என்பாள்.

ஞாயிற்றுக்கிழமை தாளைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அங்கேயே படித்துச் சொல்லச் சொன்னால் மாட்டாள். அவசரமாகப் படித்தால் மண்டையில் ஏறாது, வைத்துவிட்டுப் போ என்பாள். அடுத்த ஞாயிறு போனால் தாளைப் பார்க்காமலே வரிசையாக ஒப்பிப்பாள். ஒப்பிப்பது மட்டுமல்ல, குறையும் சொல்வாள். ஒருமுறை, ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வாரம் ஓய்வாக இருக்கவும் என்று எழுதியிருந்தேன். மார்க் எண்பத்தொன்பது.

"ஓய்வுன்னா என்னன்னு வீட்டுப் பொம்பளைக்கு யாருடா சொல்றது? பக்கெட் தூக்காதே, மெத்தையைப் புரட்டாதே, அப்படின்னு எழுது" என்றாள்.

எழுதினேன். சர்ஜன் படித்துவிட்டுச் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு தையல் விட்டுப்போய் வருகிறவர்கள் குறைந்தார்கள் என்று வார்டு நர்ஸே வந்து சொல்லிவிட்டுப் போனாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் அக்காவைப் போல ஒரு வாசகர் எவனுக்கு வாய்ப்பார் என்று ஆபீசில் தம்பட்டம் அடித்தேன்.

அக்கா வீட்டுக்காரர், என் மாமா, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். நாற்பது பிள்ளைகளின் கூச்சலைக் காலையும் மாலையும் கேட்பதாலோ என்னவோ, மனுஷர் வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். நான் வைத்த பெயர் மௌனசாமி. நான் போகும்போதெல்லாம் சமையலறை ஸ்டூலில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார். நான் விடுவேனா? ஒருநாள் நீங்களும் படித்துப் பாருங்கள் மாமா, எண்பது மார்க்குத் தாள், உங்களுக்கே புரியும் என்று சீண்டுவேன். அவர் சிரித்துவிட்டுப் பேப்பரைப் புரட்டுவார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது எனக்குத் தெரியவே பதினொரு வருஷம் ஆயிற்று.

அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. காரணம் இருக்கிறது. எனக்கு எட்டு வயதாகும்போது அம்மா போய்விட்டாள். அக்காவுக்குப் பதினாறு. படிப்பை விட்டுவிட்டுச் சலவைக்குப் போனாள். சாயங்காலம் வந்ததும் மேஜையில் துணியைப் போட்டுக்கொண்டு, என் கிராமர் புத்தகத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, இன்றைக்கு என்ன பாடம் என்று கேட்பாள். அட்வெர்ப் என்பேன். "அட்வெர்ப்னா என்ன, சொல்லு" என்பாள். சரியாகச் சொன்னால் தலையாட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுப்பாள். தப்பாகச் சொன்னால், "ம்ஹும். மறுபடி பாரு." அவ்வளவுதான். சரியான விடையை அவள் ஒருநாளும் சொல்லித் தந்ததில்லை. சொல்லிக் கொடுத்தால் ஒட்டாது, நீயே தேடு என்பாள். நவுன், வெர்ப், பிரிபொசிஷன், கன்ஜங்ஷன் எல்லாம் எனக்கு அப்படி வந்தவைதான். இன்றைக்கும் சூடான துணியின் வாசனை வந்தால் எனக்கு டென்ஸ் ஞாபகம் வரும்.

போன வருஷம் அக்காவுக்கு வயிற்றில் வலி வர ஆரம்பித்தது. பித்தப்பையில் கல். வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் இஸ்திரிப் பெட்டியை எடுப்பாள். கல்லை அப்படியே பையோடு எடுத்துவிட வேண்டும் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவளுக்கு ஏற்கெனவே இதயத் துடிப்பில் ஒரு கோளாறு. அதற்காக ரத்தம் உறையாமல் இருக்க ஒரு சின்ன மாத்திரை மூன்று வருஷமாகத் தினமும் சாப்பிடுகிறாள். ஒருநாள் தவறமாட்டாள்.

ஆபரேஷனுக்குப் பத்து நாள் முன்பு அக்கா தனியாக வந்து டாக்டரைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மாமா தன் தம்பிக்குக் கால் முறிந்தது என்று வெளியூர் போயிருந்தார். வெளியே நல்ல கூட்டம். ஆபரேஷனுக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்கிற தாளை நர்ஸ் கொடுத்து, படிக்கத் தெரியுமா, நான் சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அக்கா சரளமான இங்கிலீஷில், இதை எழுதினதே என் தம்பிதான் என்றிருக்கிறாள். நர்ஸ் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள்.

நானாவது அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நானே எழுதிய தாள், அவளே கையெழுத்துப் போட்ட தாள், அதில் எதைப் போய்க் கேட்பது என்று இருந்துவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை காலை பதினொன்றரைக்கு வார்டிலிருந்து போன். ஆபரேஷன் இல்லை, உங்கள் அக்கா இன்று காலை வரை மாத்திரை சாப்பிட்டிருக்கிறார் என்றார்கள். நான் படியில் இரண்டிரண்டாக ஏறினேன். சர்ஜன் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். கடைசி நிமிஷத்தில் நர்ஸ் கேட்டாளோ பிழைத்தோம், கேட்காமல் கத்தி வைத்திருந்தால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடாகியிருக்கும், இனி இரண்டு வாரம் கழித்துத்தான். பயம் போன இடத்தில் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

அக்கா ஆஸ்பத்திரி அங்கியில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மாமா அன்று காலைதான் ஊரிலிருந்து நேராக வந்திருந்தார், பயணப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. தாள் எங்கே என்றேன். அக்கா தன் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். நான் அதைப் பிரித்து, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை ஐந்து நாள் முன்பே நிறுத்தவும் என்ற இங்கிலீஷ் வரியில் விரலை வைத்தேன். தடித்த எழுத்தில் இருந்தது.

"பத்து வார்த்தைக்கா. பத்தே பத்து வார்த்தை. இதைக் கூடப் பார்க்கலையா நீ?"

அவள் வரியைப் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தாள்.

"வழக்கமான மாத்திரையைக் காலையில ஒரு வாய் தண்ணியோட போட்டுக்கலாம்னுதானே எழுதியிருந்தே" என்றாள். அதற்கு அடுத்த வரி, அதற்கு அடுத்த வரி என்று, தாளைப் பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்வதுபோலவே வரிசையாகச் சொன்னாள். ஒரு வரிகூடத் தப்பு இல்லை. ஆனால் அது நான்கு வருஷத்துக்கு முந்தைய தாள். அதற்குப் பிறகு அதில் நான் ஒரு வரியைச் சேர்த்தேன். அவள் அடித்துச் சொன்னது அந்த வரியைச் சேர்ப்பதற்கு முன்னால் இருந்த தாளை.

"இது பழசுக்கா. மாத்திட்டேனே. நீதானே கையெழுத்துப் போட்டே?"

"படியில நின்னு போட்டேன்" என்றாள்.

ஞாபகம் வந்தது. அன்றைக்கு அச்சுக்குக் கடைசி நாள். மழை வேறு. அவள் வேலைக்குக் கிளம்பிக் குடையோடு படியிறங்கிக்கொண்டிருந்தாள். நான் கீழிருந்து ஏறி வழியிலேயே மறித்து, ஒரே ஒரு வரிதான்கா சேர்த்தேன், மார்க் எண்பத்து நாலு, கையெழுத்தைப் போடு என்று பேனாவை நீட்டினேன். வைத்துவிட்டுப் போ என்றாள். நேரமில்லை என்றேன். என்ன வரி என்று அவள் கேட்டாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது, கேட்டாள். சும்மா ஒரு வரிக்கா என்றேன். அவள் கைப்பிடிச் சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுடா" என்றாள் இப்போது. "பேசத்தான் தெரியும். எழுத்து தெரியும், கூட்டிப் படிக்க வராது."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். நான் தாளை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். பிறகு கேட்டேன், அப்படியானால் இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நீ சொன்னதெல்லாம் என்ன என்று. மாமா முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"நான் படிச்சேன். அவ புரிஞ்சுக்கிட்டா."

அவர்களை வீட்டில் கொண்டுவிட்டபோது மாமா அலமாரியைத் திறந்து ஒரு பழைய தகரப் பெட்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே என் தாள்கள். ஒவ்வொன்றையும் அவர் கடையில் நகல் எடுத்து, வரிக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதி வைத்திருந்தார். சில இடத்தில் அர்த்தம் தெரியாமல் கேள்விக்குறி போட்டு, பிறகு அகராதி பார்த்து அழித்து எழுதியிருந்தார். பஸ்ஸில் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் செய்ததாம். வாரம் முழுக்க இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் படித்துச் சொல்வார், அவள் கேட்டுக்கொண்டே, பக்கெட், மெத்தை என்று குறை சொல்வாள். எண்பது மார்க்குத் தாள், உங்களுக்கே புரியும் என்று இந்த மனுஷரிடமா நான் சொன்னேன் என்று நினைத்தபோது எனக்கு வெட்கத்தில் காது சூடானது. மன்னித்துக்கொள்ளுங்கள் மாமா என்றேன். அவர் எப்போதும்போல் சிரித்தார்.

ஏன் சொல்லவில்லை என்று அக்காவைக் கேட்டேன். முதல்நாள் நான் தாளோடு வந்து நின்றபோது என் முகத்தைப் பார்த்தாளாம். நான்தான் உன்னிடம் படித்தேன், இப்போது நீ என்னிடம் படி என்று நான் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. அந்த முகத்தைப் பார்த்து எப்படியடா சொல்வது என்றாள்.

"அப்போ கிராமர்? நவுன், வெர்ப் எல்லாம் நீதானே கேட்டே? தப்புன்னு கண்டுபிடிச்சியே?"

"பேரை நீதானே முதல்ல சொல்லுவே. அதையே திருப்பிக் கேட்பேன்" என்றாள். "தப்பு சொல்றப்போ நீ கடைசி எழுத்தை முழுங்குவேடா. இப்பவும் முழுங்கறே."

நான் சிரித்தேன், அழுதேன், எது முதலில் என்று தெரியாது. புத்தகத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவள் படித்ததெல்லாம் என்னைத்தான்.

ஆனால் விஷயம் அத்தோடு முடியவில்லை. வலி எப்போது வேண்டுமானாலும் வரலாம், இரண்டு வாரத்தில் மறுபடி கத்தி. அதற்குள் இதை ஆஸ்பத்திரியில் சொல்லியாக வேண்டும் என்றேன். அவளுடைய குறிப்பேட்டில், வாயால் சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்று எழுத வேண்டும். என் மேலாளரம்மாவிடமும் சொல்ல வேண்டும். அக்கா வேண்டாம் என்றாள். அங்கே எல்லோரும் என்னை உன் அக்கா என்று மரியாதையாகப் பார்க்கிறார்கள், அந்த நர்ஸ் பெண்ணுக்குத் தெரிந்தால் என்ன நினைக்கும் என்றாள். முப்பது வருஷம் விருந்தாளிகளிடம் தலை நிமிர்ந்து பேசியவள், அன்று மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு தாங்கவில்லை. சரி, சொல்லவில்லை என்று வாய்வரை வந்தது. அந்த வியாழக்கிழமை நர்ஸ் கேட்காமல் விட்டிருந்தால் என்று நினைத்தேன். வந்த சொல்லை விழுங்கிக்கொண்டேன்.

"நீ இல்லாம எனக்கு ஆகாதுக்கா. சொல்லியே ஆகணும்" என்றேன்.

அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"சொல்லு. ஆனா படிக்கத் தெரியாதவன்னு சொல்லாதே. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னு சொல்லு. தமிழ்ல நான் வாரப் பத்திரிகை முழுக்கப் படிக்கிறவ."

மேலாளரம்மாவிடம் மறுநாள் காலை எல்லாவற்றையும் சொன்னேன், படியில் வாங்கிய கையெழுத்தையும் சேர்த்து. அவர் கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அக்கா கையெழுத்துப் போட்ட தாள்கள் எத்தனை என்று கேட்டார். இருநூற்றுப் பதினொன்று. அவற்றில் யாரும் படிக்காமல் போனது எத்தனை என்றார். ஒன்று, அதுவும் என்னால் என்றேன். மிச்சம் இருநூற்றுப் பத்தையும் ஒருவர் படித்தார், ஒருவர் கேட்டுப் புரிந்துகொண்டார் என்றேன். அவர், ஆறு மாசத்துக்கு என் தாள்களை என் சகா பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்றார். பதினைந்து வருஷ சர்வீஸில் எனக்குக் கிடைத்த முதல் தண்டனை. குறைவுதான் என்று எனக்குத் தெரியும்.

சும்மா இருக்க முடியாமல் அன்றே ஒரு யோசனை சொன்னேன். எல்லாத் தாளின் தலையிலும், இதை யாராவது படித்துச் சொல்ல வேண்டுமானால் எங்களிடம் கேளுங்கள் என்று பெரிய எழுத்தில் போடலாம். சாயங்காலம் அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். மார்க் தொண்ணூற்றிரண்டு என்றேன்.

"படிக்கத் தெரியாதவங்க அதை எப்படிடா படிப்பாங்க?" என்றாள்.

மாமா சமையலறையில் இருமினார். அது இருமல் இல்லை. அக்காவே வழி சொன்னாள். உன் ஆபீசில் என்னிடம் கேட்கிறீர்களே, என்ன செய்யப் போகிறாய், உன் வார்த்தையில் சொல் என்று, அதை அந்த நர்ஸ் பெண் எல்லோரிடமும் கேட்டால் என்ன? தெரியுமா தெரியாதா என்று கேட்டால் எவரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். மேலாளரம்மா இதைக் கேட்டுவிட்டு, இது யார் சொன்னது என்றார். என் வெளியாள் என்றேன். இப்போது எல்லா வார்டிலும் தாளைக் கையில் கொடுத்த பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முக்கியமானதை முதல் வரியில் சொல் என்பது எங்கள் விதி, இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்து, சர்ஜன் கல்லை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் காட்டினார். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அதற்கு ஆறு நாள் முன்பு, மாத்திரையை நிறுத்துவதற்கு முந்தின சாயங்காலம்.

அன்று அவளுக்காக அந்தத் தாளைத் தமிழில் எழுதினேன், கையால். பதினொரு வருஷத்தில் ஒரு தாளையாவது அவளுக்குத் தமிழில் எழுதித் தர எனக்குத் தோன்றியிருக்கிறதா? இல்லை. தமிழுக்கு மார்க் போட என்னிடம் மெஷின் கிடையாது. எழுதிப் பார்த்தால் என் தமிழும் அந்த டாக்டர்கள் தமிழாகவே இருந்தது. உட்கொள்ளவும், தவிர்க்கவும், அணுகவும். நான்கு முறை கிழித்துப் போட்டேன். கடைசியில், அவளிடம் பேசுவதுபோல் எழுதினேன். அக்கா, சனிக்கிழமையிலிருந்து நெஞ்சு மாத்திரை வேண்டாம். அக்கா, புதன்கிழமை ராத்திரிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாதே. பக்கெட் தூக்காதே. மெத்தையைப் புரட்டாதே.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. கையில் துணி இருக்கிறது, நீயே படி, கேட்கிறேன் என்றாள். நான் மேஜைக்கு எதிரே, சின்ன வயதில் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றார். நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். அவள் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள்.

கடைசிக்கு முந்தின வரி, எங்கள் எல்லாத் தாளிலும் இருக்கிற வரி. வெகு சிலருக்கு மயக்க மருந்திலோ ரத்தப்போக்கிலோ உயிருக்கே ஆபத்து வரலாம் என்பது. நூறு தாளில் எழுதியிருக்கிறேன், எண்பத்தாறு மார்க் வாங்குகிற வரி. அன்று எழுதும்போது அதை எப்படியோ சின்னதாக்கியிருந்தேன். "சில பேருக்குக் கொஞ்சம் சிரமம் வரலாம்" என்று படித்துவிட்டு, நிற்காமல் அடுத்த வரிக்குப் போனேன்.

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"ம்ஹும். மறுபடி பாரு" என்றாள்.

அவள் அவசரப்படுத்தவில்லை, துணி காத்திருந்தது. நான் தண்ணீர் குடித்துவிட்டு, தாளில் இருந்ததை விட்டு, இருக்க வேண்டியதைச் சொன்னேன். கடைசி எழுத்து வரை சொன்னேன்.

அக்கா தலையாட்டினாள். பிறகு அடுத்த சட்டையை எடுத்தாள்.